வினாக் கொத்தும் வன்னி மண்ணும்

வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்றையுமே கல்வியின் பெருவாயில்களாக எமது பெற்றோர் நெடுங்காலம் கருதி வந்தனர். வன்னிப் பெருநிலப்பரப்பிலே இன்று வேறொரு வாயிலைத் தட்டி நிற்கும் இளைஞரையும் யுவதியரையும் காண்கிறேன். அவர்கள் நாடுவது உளவியல். இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது இவர்கள் சிறு பிள்ளைகள். தந்தையின் மௌனத்தையும் தாயின் பெருமூச்சையும் அரிவரியோடு சேர்த்தே படித்தவர்கள். அவை எதனால் உண்டாயின, எப்படி ஆறும் என்று அறிய விரும்புவது இயல்பேயன்றோ?

ஆனால் கலைமாணிப் பட்டத்தோடு இவ்வழி முடிந்துவிடுவதில்லை. மனநோயுற்றாரைப் பயிற்சியோடு அணுகவும், ஆய்வு நடத்தவும், பல்கலைக்கழகத்திலே கற்பிக்கவும் மேற்பட்டம் வேண்டும். மேற்பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதோ ஒரு கேள்வி முன்னே வந்து நிற்கிறது: இதுவரை நீர் பெற்ற ஆய்வு அனுபவம் யாது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியற் கலாநிதிப் படிப்பை நாடுவோர், அதற்கு முன்னரே ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகவோ தொண்டராகவோ உழைத்திருப்பது வழக்கம். இங்கிலாந்திலே சிகிச்சை உளவியல் பயில விரும்புவோர் உதவி உளவியலாளராகச் சிலகாலம் பணிபுரிந்து பழகுகின்றனர். எமது நாட்டில் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் சிகிச்சை உளவியலில் முதுதத்துவமாணிப் படிப்பை நடத்தி வந்துள்ளன. அங்கும் இடங்கள் சில, நாடுவோர் பலர். ஆகவே அனுபவம் உடையவர் முந்திக்கொள்கின்றனர்.

இந்நிலையில் வன்னி மாணவர் என்ன செய்வார்? முப்பது ஆண்டுக்கு மேல் இப்பகுதிப் பாடசாலைகளில் ஆசிரியனாக இருந்தவன் என்ற உரிமையால் என்னிடம் வந்து கேட்கின்றனர். “சேர், சம்பளம் ஒன்றும் வேண்டாம். ஆய்வு செய்கிற ஆரிட்டையெண்டாலும் என்னைச் சேர்த்துவிடுங்கோ” என்பதே அவர்கள் வேண்டுகோள். இவ்வேண்டுகோளுக்கு நான் கூறிவரும் விடையை எல்லோர் முன்னிலையிலும் வைக்க விரும்புகிறேன். ஆய்வு அனுபவத்தைத் தேடுங்கள், கட்டாயம் தேடுங்கள். ஆயினும் வன்னியில் அந்த அனுபவம் மனிதரின் துயரத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதை மறவாதீர்கள். முதலிலே பயன்படுங்கள், பின்னர்க் கேளுங்கள், கேட்டதைத் திருப்பிக் கொடுங்கள். இம்மூன்றும் இல்லாத அனுபவம் விண்ணப்பத் தாளை நிரப்புமேயன்றி ஆய்வாளரை உருவாக்காது.

நீர்மட்டம் குறிப்பவர்

ஆய்வு என்றதும் எம் மாணவர் மனத்திலே எழும் காட்சி பெரியது. புதிய கொள்கை ஒன்றைக் கண்டுபிடித்து, மேடையேறி, உலகுக்கு அறிவிப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் ஆய்வின் பெரும்பகுதி சலிப்பூட்டும் சிறுவேலைகளால் ஆனது. முன்னர் வெளிவந்த கட்டுரைகளைத் தேடிப் படித்துச் சுருக்கம் எழுதுதல். வினாக் கொத்தைத் தமிழாக்குதல். ஒலிப்பதிவு செய்த நேர்காணலைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்குதல். விடைகளை அட்டவணையிலே பதிதல். பதிந்ததை மற்றொருவர் பதிந்ததோடு ஒப்பிட்டுப் பிழை களைதல். இவையே தொண்டராகச் சேர்பவருக்கு முதலிற் கிடைக்கும் பணிகள்.

இவற்றை இழிவாக எண்ணலாகாது. இரணைமடுக் குளத்தை அறியாதார் எம்மில் இல்லை. அக்குளத்தின் நீர்மட்டத்தை ஒருவர் பார்த்துக் குறித்து வைக்கிறார். அதிலே புகழும் இல்லை, புதுமையும் இல்லை. ஆனால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டம் கூடும்போது, உரத்துப் பேசுவோர் குரலால் குளத்து நீர் பெருகாது. அந்தக் குறிப்பே தீர்ப்பளிக்கும். குறித்தவர் ஒருநாள் சோம்பியிருந்தாலோ, பார்க்காமலே எழுதியிருந்தாலோ, கடைமடைக் கமக்காரனின் பயிர் வாடும். ஆய்வுத் தொண்டரின் வேலையும் இத்தகையதே. கண்டதை மட்டும் எழுதவும், காணாததை எழுதாதிருக்கவும் பழகுவதே முதற்பாடம். அப்பாடத்தைக் கற்றவரையே மேற்படிப்புக்கு ஆள் தெரிவோர் தேடுகின்றனர்.

ஆசிரியர் நடத்திய ஆய்வு

பெரிய ஆய்வுகூடங்கள் எம்மிடம் இல்லையே என்று கவலைப்படுவோருக்கு ஒரு செய்தி கூறுவேன். ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேர்ட்டும் அவருடைய தோழர்களும் இலங்கையின் போர் பாதித்த மாகாணங்களிலே பாடசாலை மாணவரின் உளநிலையை ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 420 பிள்ளைகளைக் கண்டு பேசியவர்கள் யாவர்? அயல்நாட்டு அறிஞர் அல்லர். உளவளத்துணையிலே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். அவர்களது பதிவுகள் நம்பத் தக்கனவா என்பதை அறிய, 67 பிள்ளைகளை உளவியலாளர் தாமே மீண்டும் விரிவாகப் பரிசோதித்தனர்.

அதன் முடிவுகள் நெஞ்சை உலுக்குவன. 100க்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, எறிகணை, நெருங்கியவரின் சாவு போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தனர். நால்வரில் ஒரு பிள்ளைக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்குரிய இலக்கணங்கள் பொருந்தின. மனவடு பட்ட பிள்ளைகளின் ஞாபக சக்தியும் பாடசாலைப் புள்ளிகளும்கூடப் பாதிக்கப்பட்டிருந்தன. வகுப்பிலே ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய பிள்ளை உண்மையில் எதைச் சுமந்து கொண்டிருந்தது என்பதை ஆசிரிய உலகம் அறிவதற்கு இத்தகைய ஆய்வு வேண்டியிருந்தது.

நான் இங்கே வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அந்த ஆய்வின் கண்ணும் காதும் எம்மவரே. சுண்ணக்கட்டி பிடித்த கைகளே அந்த வினாக் கொத்துகளை நிரப்பின. ஊர் ஆசிரியருக்கு இயன்ற ஒன்று, உளவியல் கற்ற பட்டதாரிக்கு இயலாமற் போகுமா? வேண்டியவை மூன்று: முறையான பயிற்சி, வேலையைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர், பொறுமை.

தொண்டும் ஆய்வும்

எமது நாட்டிலேயே பின்பற்றத் தக்க ஒரு வழி காட்டப்பட்டுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள் போர்க்காலத்தில் வடக்கிலே இருந்து மருத்துவம் புரிந்தவர். தமிழ் மக்களின் உளவடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். 2007இல் வடபகுதியின் கூட்டு உளவடுவைப் பற்றியும், 2010இல் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தோரின் உளநிலையைப் பற்றியும் விரிவான ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும்கூடக் காயப்படும் என்பதே அவற்றின் சாரம். ஒருவரையொருவர் நம்பாமை, வாய்திறவாமை, ஊக்கமின்மை என்பன ஒரு சமுதாயத்தின் நோய்க்குறிகளாகவும் ஆகலாம் என்று அவர் காட்டினார்.

அவரது முறையை மாணவர் கவனித்தல் வேண்டும். வினாக் கொத்தோடு வந்து, நிரப்பிக்கொண்டு, வண்டியேறிப் போனவர் அல்லர் அவர். சமுதாய உளநலப் பணியில் ஈடுபட்டிருந்தபோதே கண்டதையும் கேட்டதையும் பதிந்து, நிவாரணப் பணியாளரோடும் அதிகாரிகளோடும் உரையாடி, அப்பணியின் ஊடாகவே அறிவைத் தேடினார். தொண்டு முன்னே சென்றது. ஆய்வு அதன் பின்னே சென்றது.

‘தொண்டர்’ என்ற சொல்லும் வன்னிக்குப் புதியதன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் ஆசிரியர் இல்லாத வகுப்பறைகளில் நின்று கற்பித்தவர்களைத் தொண்டர் ஆசிரியர் என்றே அழைத்தோம். கைக்குக் கிடைத்தது சிறுதொகை. சிலவேளை அதுவும் இல்லை. நிரந்தர நியமனம் கோரி அவர்களுட் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்கள் இல்லாதிருந்தால் ஒரு தலைமுறையின் எழுத்தறிவே அறுந்திருக்கும். அந்தப் பெயரைத் தாங்கி ஆய்வுக்குப் போகும் பிள்ளை அதன் கனத்தை அறிந்து போதல் நன்று.

கேட்கப்பட்டவரின் பக்கம்

வினாக் கொத்தின் மறுபக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கியிருந்தனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது. அங்கே கூடாரத்துக்குக் கூடாரம் படிவங்களோடு வந்தவர்கள் பலர். பெயர், வயது, இழந்தவை, கண்டவை, உறக்கம் வருகிறதா, கனவு வருகிறதா என்று கேட்டனர். எங்கள் கூடாரத்திலும் கேட்டனர்; சொன்னோம். முதன்முறை சொன்னபோது என் துணைவியார் அழுதார். நான்காம் முறை அவர் அழவில்லை; படிவத்தைக் கொடுங்கள், நானே நிரப்பித் தருகிறேன் என்றார். அந்தக் குரலிலே இருந்த வெறுமையை இன்றும் மறக்க முடியவில்லை. அந்தத் தாள்கள் எங்கே போயின, அவற்றிலிருந்து என்ன அறியப்பட்டது என்று எங்களிடம் வந்து கூறியவர் ஒருவரும் இலர்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கேட்கப்பட்டவருக்கே கேள்வியின் கூர்மை தெரியும். இதை உலகமும் உணர்ந்திருக்கிறது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியிலே ஒரு பிரகடனத்தை வெளியிட்டது. மனிதரை ஈடுபடுத்தும் ஆய்வு யாவும் அவர்களது நலனைத் தன் நலனுக்கு மேலாக வைக்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. பிற்காலத்தில் திருத்தப்பட்ட அதன் வாசகம், ஆய்வில் பங்குகொண்டோர் அதன் பொது முடிவுகளை அறியும் வாய்ப்பைப் பெறல் வேண்டும் என்றும் கூறுகிறது. எமது பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுக்கள் உள்ளன. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் ஒன்று உண்டு. அனுமதி பெறாது, மேற்பார்வை இல்லாது, தாமே ஒரு வினாக் கொத்தை அச்சிட்டுக்கொண்டு துயருற்ற வீடுகளுக்குள் நுழையும் மாணவர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும் தீங்கே செய்கிறார். கேட்ட கேள்வியால் ஒருவர் உடைந்து போனால் அவரை எங்கே அழைத்துச் செல்வது, யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே அறியாதவர் கேட்கவே கூடாது.

மூன்றாவது நிரல்

என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி பட்டம் பெற்றபின் ஓர் ஆய்வாளரிடம் தொண்டராகச் சேர்ந்தாள். அவளுக்குக் கொடுத்த முதல் வேலை மொழிபெயர்ப்பு. குடும்ப விபரம் கேட்கும் பகுதியில் ‘உயிருடன் உள்ளோர்’, ‘இறந்தோர்’ என இரண்டு நிரல்கள் இருந்தன. மொழிபெயர்ப்பதற்கு அதைவிட எளிதான சொற்கள் இல்லை. ஆயினும் அவள் பேனையை வைத்துவிட்டாள். தன் தந்தையை எந்த நிரலில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவள் ஆய்வாளரிடம் சென்று, இங்கே மூன்றாவது நிரல் ஒன்று வேண்டும் என்றாள். அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற நிரல் சேர்க்கப்பட்டது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டத்தை இந்நாடு அறியும். அவர்களது துயரத்துக்கு உளவியலிலே பெயர் உண்டு. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 1970களில் வியட்நாம் போரிலே காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை ஆராயத் தொடங்கினார். இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று மகிழவும் முடியாது உறைந்து நிற்கும் அந்நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தாக வகுத்து, 1999இல் நூலாகவும் தந்தார். என் மாணவி அந்நூலை அப்பொழுது படித்திருக்கவில்லை. ஆனால் படித்தவரின் வினாக் கொத்திலே விடுபட்டிருந்ததை அவள் கண்டாள். அவளது ஆய்வு அனுபவம் யாது என்று எந்தப் பல்கலைக்கழகம் கேட்டாலும், ஒரு நிரல் சேர்த்தேன் என்று அவள் தலைநிமிர்ந்து கூறலாம்.

இதிலே மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. எம் பிள்ளைகள் ஆய்வாளர் மட்டுமல்லர்; தாமும் காயப்பட்டவர்கள். பிறர் கதையைக் கேட்கும்போது தம் கதை எழுந்து வரும். ஆதலால் தனியே போகலாகாது. கேட்டதை எவரிடம் இறக்கி வைக்கலாமோ அவர் ஒருவரை அருகே வைத்துக்கொண்டே போதல் வேண்டும்.

எம் தமிழ், எம் மூலதனம்

கொழும்பிலோ இலண்டனிலோ வாழும் மாணவருக்கு இல்லாத ஒரு செல்வம் வன்னி மாணவரிடம் உண்டு. அது இம்மக்களின் மொழி. ‘யோசனை’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழகத்திலே அது சிந்தனை, ஆலோசனை என்ற பொருளில் வழங்கும். எமது ஊரிலே ஒரு தாய் ‘எனக்கு ஒரே யோசனை’ என்றால் அது கவலை. இரவு உறக்கத்தைத் தின்னும் கவலை. ‘பிள்ளை ஏங்கிப் போனான்’ என்றால் விரும்பித் தவித்தான் என்று பொருள்கொள்வது பிழை. அஞ்சித் திகைத்து நின்றான் என்பதே பொருள். மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பவர், நெஞ்சு பாரமாக இருக்கிறதா, பெருமூச்சு வருகிறதா என்று கேட்டால் கண்கலங்குவார். வேறிடத்தில் மொழிபெயர்த்த வினாக் கொத்து இவற்றையெல்லாம் தவறவிடும். தமிழாக்கியதை மூலம் அறியாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுவது ஆய்வுலக வழக்கம். இந்த மீள்மொழிபெயர்ப்புப் பணி தொண்டர் மாணவருக்கு மிகவும் பொருத்தமானது.

உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அயல்நாட்டு அளவுகோலை மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக, இலங்கை மக்கள் தம் துயரைத் தாமே எவ்வாறு எடுத்துரைக்கின்றனர் என்று முதலிற் கேட்டு, அச்சொற்களிலிருந்தே ஓர் அளவுகோலை அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்குவித்த டாக்டர் சாமுவேல் கிறீனை நன்றியோடு நினைக்கும் சமுதாயம் எமது. உள்ளத்தின் நோய்க்கும் எம் மக்களின் சொற்களைத் திரட்டித் தர ஒரு தலைமுறை முன்வரல் வேண்டும்.

எண்களைப் படித்தல்

ஆய்வனுபவம் தரும் மற்றொரு பேறு எண்களைக் கண்டு மயங்காமை. முன்னே கூறிய ஆய்விலே நால்வரில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோய் என்று கண்டோம். 2009ஆம் ஆண்டு யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்து வளர்ந்தோரிடையே நடத்தப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வோ அந்நோய் 100க்கு 7.0 பேருக்கே உண்டு என்றது. பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. கல்லாதவர் இரண்டில் ஒன்று பொய் என்பார். ஆய்விலே பழகியவர் வேறு கேள்விகளைக் கேட்பார். யாரை அளந்தனர்? பிள்ளைகளையா, வளர்ந்தோரையா? எப்போது, எங்கே, எந்த அளவுகோலால்? யாழ்ப்பாண ஆய்வின் உள்ளேயே நோக்கினால், அக்காலத்தில் இடம்பெயர்ந்த நிலையிலே இருந்தோரிடம் அம்மூன்று எண்களும் முறையே 13.0, 48.5, 41.8 என உயர்ந்திருந்தன. சராசரி என்னும் போர்வைக்குள் எத்தனை பேர் குளிரில் நடுங்குகின்றனர் என்பதை அறிவதே ஆய்வுக் கல்வி. யாழ்ப்பாணத்து எண்ணைத் தூக்கி முல்லைத்தீவின் தலையில் வைக்கவும் முடியாது. முல்லைத்தீவை முல்லைத்தீவிலேதான் அளத்தல் வேண்டும்.

வழி யாது?

இனி மாணவருக்குச் சில நேரான சொற்கள். முதலிலே உங்கள் விரிவுரையாளர்களை அணுகுங்கள். அவர்களுட் பலர் தம் ஆய்வை உதவியின்றித் தனியே இழுத்துக்கொண்டிருக்கின்றனர். ‘எனக்கு அனுபவம் தாருங்கள்’ என்று கேட்பதைவிட, அவரது கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுச் சென்று, ‘இதில் இந்த வேலையை நான் செய்து தரட்டுமா?’ என்று கேட்பது பயன் தரும். வாரத்திலே எத்தனை மணிநேரம், எத்தனை மாதம் என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள், பேசியதைக் காப்பாற்றுங்கள். உங்கள் உழைப்பை அருகிருந்து கண்டவர் எழுதும் சிபாரிசுக் கடிதமே பெறுமதி உடையது. நாள்தோறும் செய்ததையும் அதில் எழுந்த ஐயத்தையும் ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள். அதிலே எவருடைய பெயரையும் எழுதாதீர்கள். ஓராண்டின் முடிவில் உங்கள் சொந்த ஆய்வுக் கேள்வி அந்தக் கொப்பியிலிருந்தே முளைக்கும்.

போரின் காயத்தைத்தான் ஆராய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் உள்ளன. வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் பிரதேச செயலகங்களும் எங்கும் உள. பிள்ளைகள் வாசிக்கக் கற்பது எப்படி, வரவு எதனால் குறைகிறது, பரீட்சைக் காலத்து உறக்கம் எத்தகையது, முதியோரின் தனிமை யாது என்பனவும் உளவியலே. வன்னியை ஒரு பெரும் புண்ணாக மட்டும் காணும் பார்வையிலிருந்து உலகத்தை மீட்பதும் எம் பிள்ளைகளின் கடன்.

பெரியோருக்கும் ஒரு சொல். சம்பளம் இல்லாத வேலை எல்லோர்க்கும் ஒரே அளவு பாரமானதன்று. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஓராண்டுப் பயிற்சி. முல்லைத்தீவிலே கூலிக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அது ஓராண்டுப் பட்டினி. தொண்டின் பெயரால் ஏழைப் பிள்ளையின் உழைப்பை இலவசமாக உறிஞ்சுவது அறமன்று. பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையுமாவது கொடுங்கள். எழுதும் கட்டுரையிலே அப்பிள்ளையின் பெயரையும் குறிப்பிடுங்கள். புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பழைய மாணவர் சங்கங்களின் ஊடாக எத்தனையோ கட்டடங்களை எழுப்பித் தந்துள்ளனர். ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு மாணவரின் போக்குவரத்துச் செலவை ஏற்றாலே போதும். கல்லிலே பெயர் பொறிக்காத அந்தக் கொடை நெடுங்காலம் நிற்கும்.

ஆய்வு முடிந்ததும் ஊரின் பொதுநோக்கு மண்டபத்திலே மக்களைக் கூட்டுங்கள். நீங்கள் சொன்னவற்றிலிருந்து நாங்கள் அறிந்தவை இவை என்று அவர்களது தமிழிலே கூறுங்கள். அரைமணி நேரம் போதும். கேள்வி கேட்கப்பட்ட ஒரு தாய் அங்கே எழுந்து, ‘இது சரி, அது பிழை’ என்று உங்களைத் திருத்தினால் மகிழுங்கள். அன்றுதான் உங்கள் ஆய்வு அவருடையதும் ஆயிற்று.

வன்னியைப் பற்றி இனியும் ஆய்வுகள் எழுதப்படும், அதில் ஐயமில்லை. அவற்றின் கேள்விகளை யார் அமைப்பார் என்பதே எம்முன் நிற்கும் பிரச்சினை. எம் பிள்ளைகள் அந்த இடத்தை அடையாவிட்டால் இரண்டு நிரல்களோடு வரும் தாள்களையே நாம் என்றும் நிரப்பிக்கொண்டிருப்போம். அடைந்தும், கேட்டுவிட்டுத் திரும்பிப் பாராமற் போகும் வழக்கத்தையே அவர்களும் கற்றுக்கொண்டால், அந்நியரிடம் நாம் கண்ட குறையை வீட்டுக்குள்ளேயே வளர்த்தவர்கள் ஆவோம். இரண்டும் வேண்டாம். பொறுமையாகக் கேட்கவும், உண்மையாகக் குறிக்கவும், நன்றியோடு திருப்பிக் கொடுக்கவும் வல்ல ஓர் ஆய்வாளர் பரம்பரை இம்மண்ணிலே தோன்றுக! அவர்களுக்கு முதற்படியாக ஆசிரிய உலகம் தோள் கொடுக்குமாக!